பூசைக்கோ ஏடு, படிப்புக்கோ ஏடு?

ஏடு படிப்பதற்கென்று எழுதப்பட்டது. இதனைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் அவ்வேட்டைப் பலகைமேல் அடுக்கி, சந்தனம் தெளித்து, குங்குமமிட்டு, பூச்சூட்டி, "இன்று தொடாதே, படித்தால் சரசுவதி கோபித்துக்கொள்வாள்" என்று அதே பிள்ளையின் கையைத் தட்டிவிடும் பெரியவர்கள் இதனை அறிந்ததாகத் தெரியவில்லை. நவராத்திரியின் ஒன்பதாம் நாள் காப்பாரில் தொடங்கிக் கிள்ளான் வரையிலும், கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரையிலும் எத்தனை வீடுகளில், எத்தனை மன்றங்களில் இக்கூத்து நடைபெறுகிறது என்பதை வாசகர்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். கல்வித் தெய்வத்தின் திருநாளில் கல்விக்கு விடுமுறை! உலகில் வேறெந்தச் சாதியாராவது அறிவுக்கு இவ்வண்ணம் மரியாதை செய்ததுண்டோ?

இவ்வாறு நாம் கேட்டவுடன் மறுமொழி ஒன்று ஆயத்தமாக இருக்கும். "பூசை செய்வதனாலேயே ஏடுகள் பிழைத்தன, பக்தி இல்லாவிடில் என்றோ செல்லுக்கிரையாகியிருக்கும்" என்பர். நல்லது. இம்மறுமொழியை நாம் ஏளனம் செய்து தள்ளிவிடப் போவதில்லை. பக்தியின் பக்கம் பேசுவோர்க்கு மிகவும் அனுகூலமான வழக்கு எதுவோ அதனையே எடுத்துக்கொண்டு விசாரிப்போம். இந்திய நாட்டில் ஏட்டுக்கு மிகுந்த பொருளும் உழைப்பும் அழகும் செலவிட்ட சமயத்தார் சமணர் என்பதில் ஐயமில்லை. பனையோலையிலேயே வண்ணச் சித்திரம் தீட்டி வைத்தவர்கள் அவர்கள். ஏடு எதனால் வாழ்கிறது, எதனால் சாகிறது என்பதை அவர்களுடைய வரலாற்றைக் கொண்டே தீர்த்துக்கொள்ளலாம்.

குசராத்து, இராசபுதனம் ஆகிய மேலைநாடுகளில் 11ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரையில் எழுதப்பட்ட சமண ஓலைச்சுவடிகள் இன்றும் கிடைக்கின்றன. தேதியிட்டுக் கிடைத்த சித்திரச் சுவடிகளுள் பழமையானது 1060ஆம் ஆண்டில் எழுதப்பட்டு, பாலைவன நகரமாகிய ஜெய்சல்மேரில் காக்கப்பட்டது. நம் தமிழ்நாட்டில் எழுத்தாணியால் ஓலையைக் கீறி, கீறிய இடத்தில் கரி தடவிப் படிப்பது வழக்கம். அவர்களோ ஓலையின்மேல் மையால் எழுதினர். எழுதுவோன் வரிகளுக்கிடையே சிறு கட்டம் ஒன்றை வெறுமையாக விட்டுச்செல்வான். பின்னர் ஓவியன் வந்து அக்கட்டத்தில் சித்திரம் தீட்டுவான். ஓலையின் அகலமோ இரண்டு மூன்று அங்குலம்; ஆதலின் சித்திரமும் தீப்பெட்டி அளவே. அதற்குள் செந்நிறப் பின்புலம், மஞ்சள் மேனி, கூரிய மூக்கு, முகத்தின் கோட்டைக் கடந்து வெளியே நிற்கும் மறுகண் என்று ஒரு தனிப்பாணியையே அவர்கள் வகுத்துக்கொண்டனர். ஓலைகளைக் கோக்கத் துளையிட்டுக் கயிறு மாட்டினர். பிற்காலத்தில் காகிதம் வந்து கயிறு தேவையற்றுப் போன பின்னும், பழைய துளையிருந்த இடத்தில் ஒரு வண்ண வட்டம் வரைந்து வைத்தனர்.

அச்சித்திரங்களில் என்ன இருந்தன? தீர்த்தங்கரரும் தேவதைகளும் இருந்தனர் என்பது மெய்யே. ஆயினும் அவர்களோடு மற்றொரு காட்சியும் பன்முறை வருகிறது. ஆசான் ஒருவர் அமர்ந்து பாடம் சொல்கிறார். எதிரே மாணாக்கன் கேட்டிருக்கிறான். ஏடு கொடுத்த இல்லறத்தாரும் அப்பக்கத்தே கைகூப்பி நிற்கின்றனர். மலாக்காத் துறைமுகத்திற்கு மரக்கலம் ஓட்டி வாணிகம் செய்த கம்பாத்துப் பட்டினத்தில், 1127ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு சமணச் சுவடி உள்ளது. அதன் சித்திரங்களுள் ஒன்றில் சரசுவதி நிற்கிறாள். நம் வீட்டுப் பெரியவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். அந்தச் சரசுவதி ஏட்டுக்கு வெளியே பீடத்தில் இல்லை, ஏட்டுக்குள்ளே இருக்கிறாள். கட்டை அவிழ்த்து ஓலையைப் புரட்டினவனுக்கே அவள் காட்சி தருவாள். கட்டிவைத்துக் கும்பிடுகிறவனுக்கு ஒருநாளும் தரமாட்டாள்.

இன்னொரு செய்தி. சுவடியின் மேலும் கீழும் வைத்துக் கட்டும் மரப்பலகைகளையும் அவர்கள் சித்திரம் தீட்டி அழகு செய்தனர். ஜெய்சல்மேர் ஏட்டறையிலிருந்து வெளிவந்த பலகை ஒன்றில் வரையப்பட்டிருப்பது ஒரு வாதப் போர். சித்தராசன் என்னும் சோலங்கி மன்னன் அவையில், 1125ஆம் ஆண்டு வாக்கில், சுவேதாம்பரராகிய தேவசூரியும் திகம்பரராகிய குமுதசந்திரரும் வாதிட்ட காட்சி அது. அவர்கள் வாதிட்டவற்றுள் ஒன்று, பெண்ணாய்ப் பிறந்தவள் வீடுபேறு அடையலாமா கூடாதா என்பது. அடையலாம் என்ற கட்சி வென்றதாகச் சுவேதாம்பரர் எழுதி வைத்தனர். பெண்ணின் தகுதியைப்பற்றி ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகட்கு முன்னே நடந்த வாதத்தைப் புத்தகத்தின் மேலட்டையில் தீட்டி வைத்த மக்களிடம், சுயமரியாதை பேசும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுமில்லையா?

இத்தனை ஓலைகளும் எவ்வாறு உண்டாயின என்பதையும் நோக்குவோம். அரசர் சிலர் எழுதுவித்தது உண்டு. குமாரபாலன் (1143–1172) ஏட்டறைகள் பல நிறுவினான் என்று சமண நூல்கள் புகழும். ஆனால் பெரும்பாலானவை வணிகரும் இல்லறப் பெண்டிரும் பணம் கொடுத்து எழுதுவித்தவை. தாய்க்காக, தந்தைக்காக, இறந்துபோன உடன்பிறந்தாளுக்காக ஒரு நூலைப் படியெடுப்பித்துத் துறவியரிடம் கொடுப்பது அறம் என்று கொண்டனர். அதற்குச் சாத்திர தானம் என்று பெயர். சோறு போடுவது போலவே நூல் கொடுப்பதும் தானமாயிற்று. சுவடியின் கடையில், கொடுத்தவர் குடும்பத்தின் பெயர்களோடு எழுதினவன் தன் பாட்டையும் சொல்லிவைப்பதுண்டு. கழுத்தும் முதுகும் நோக எழுதியதைச் சொல்லி, நீரும் எண்ணெயும் படாமல் ஏட்டைக் காக்குமாறு படிப்போரை வேண்டிக்கொள்வான். பகல் முழுதும் குனிந்து கணக்கெழுதும் கிராணிகளாகிய நமக்கு அந்த முதுகு வலி அயலார் வலியாகத் தோன்றவில்லை.

ஆண்டில் ஒரு நாளை அவர்களும் ஏட்டுக்கென்று ஒதுக்கியிருக்கின்றனர். சுவேதாம்பரர்க்குக் கார்த்திகை வளர்பிறையில் ஞான பஞ்சமி. திகம்பரர்க்குச் சேட்ட மாத வளர்பிறையில் சுருத பஞ்சமி. அந்நாளில் அவர்களும் வணங்கவே செய்கின்றனர். ஆனால் மரபு விதித்த வேலை வணக்கத்தோடு முடிவதன்று. மழைக்காலத்தில் ஈரமேறிய கட்டுகளை அவிழ்த்துக் காற்றாட வைக்க வேண்டும். தூசி தட்ட வேண்டும். பூச்சி பிடித்ததைப் பார்க்க வேண்டும். புதுத் துணியில் கட்ட வேண்டும். அஃதாவது, அவர்கள் திருநாள் ஏட்டைத் திறக்கும் நாள். நம் திருநாள் ஏட்டை மூடும் நாள். ஓலை மூன்று நான்கு நூற்றாண்டுகளில் பொடியாகிவிடும் பொருள். அது ஆயிரம் ஆண்டு நின்றதென்றால், தெய்வம் நிறுத்தவில்லை. உலர்ந்த காற்றும் துடைத்த கையும் மறுபடி எழுதிய கையும் நிறுத்தின.

பக்தியைக் குறை கூறாமல் இதுவரை வந்துவிட்டோம். இனித் தெற்கே வருவோம். வழக்கின் மறுபக்கம் அங்கேதான் இருக்கிறது.

கன்னட நாட்டின் கடற்கரைப் பகுதியில் மூடபித்ரி என்னும் ஊர் உண்டு. அங்குள்ள திகம்பர சமணர் பஸதியில், தவளம், சயதவளம், மகாதவளம் என்று வழங்கும் பெருஞ்சுவடிகள் காக்கப்பட்டு வந்தன. புட்பதந்தரும் பூதபலியும் இயற்றிய சட்கண்டாகமம் என்னும் நூலும், அதற்கு வீரசேனர் 816ஆம் ஆண்டில் எழுதி முடித்த பேருரையும் அவற்றுள் அடங்கும். பூதபலி திராவிட நாட்டுக்குச் சென்று தங்கினார் என்று அவ்வுரையே கூறுவதால், தமிழராகிய நமக்கும் அந்நூலோடு ஓர் உறவு உண்டு. மூடபித்ரி ஓலைகள் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போசள மன்னர் காலத்தில், பழங்கன்னட எழுத்தில் எழுதப்பட்டவை. தேமியக்கா என்னும் பெருமாட்டி, சுருத பஞ்சமி நோன்பை முடித்தவிடத்து, தவளச் சுவடியை எழுதுவித்துச் சுபசந்திரர் என்னும் ஆசிரியர்க்குக் கொடுத்தாள். சில ஓலைகளில் பார்சுவநாதரும் அம்பிகையும் வழிபடும் மாந்தரும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கின்றனர். தென்னாட்டில் எஞ்சிய பழைய ஓலைச் சித்திரங்களுள் தலையாயவை இவையே.

ஒரு பெண் கொடுத்தாள்; ஓர் ஆசிரியர் படிக்கப் பெற்றார். பின்னர் நடந்தது என்ன? காலப்போக்கில் அந்நூலைப் படிப்பார் அருகினர்; கும்பிடுவார் பெருகினர். சுவடி பெட்டிக்குள் புகுந்தது. வடநாட்டிலிருந்து யாத்திரை வருவோர்க்குத் தரிசனம் மட்டும் காட்டப்பட்டது. திகம்பரர் தம் மூலநூல் என்று போற்றும் நூலை, நூற்றாண்டுக் கணக்கில் திகம்பரப் புலவர்களே கண்ணால் கண்டதன்றிக் கருத்தால் கண்டதில்லை. 1890களில் சோலாப்பூர், பம்பாய் நகரங்களைச் சேர்ந்த சமணச் செல்வர்கள் வருந்தி முயன்ற பின்னரே படியெடுக்க இசைவு கிடைத்தது. அவ்வேலையும் இருபது ஆண்டுகட்கு மேல் நீண்டது. எடுத்த படியும் அவ்வூரை விட்டு வெளியேறக் கூடாதென்று தடையிருந்தது. படியெடுத்த புலவருள் ஒருவரான கஜபதி உபாத்தியாயர், தம் மனைவி லட்சுமிபாயின் துணைகொண்டு மறைவாக இன்னொரு படி எழுதி வைத்துக்கொண்டு, அதனை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து பரவிய படிகளைக் கொண்டே ஈராலால் செயின் என்னும் பேராசிரியர் 1939இல் தவளத்தின் முதற்பகுதியை அமராவதியில் அச்சிட்டார். பதினாறாம் பகுதி 1958இல் நிறைவெய்திற்று.

அன்பர்களே, இதனைச் சற்று நிதானித்துப் பாருங்கள். தம் சமயத்தின் தலைநூலைத் தம் சமயத்தார் படிக்கும் பொருட்டு, கணவனும் மனைவியும் திருடரைப் போல் ஒளிந்து எழுத வேண்டியதாயிற்று! "பூசைதானே அவ்வோலையை எண்ணூறு ஆண்டு காத்தது" என்பார்க்கு நாம் நேராகவே விடை கூறுவோம். ஆம், ஓலையைக் காத்தது. ஆனால் நூலைக் காத்ததா? யாரும் படியாத நூலுக்கும் எழுதப்படாத ஓலைக்கும் என்ன வேற்றுமை? அதுவும் போகட்டும், ஓலையையாவது முற்றும் காத்ததா? மகாதவளத்தில் ஒரு பகுதி பூச்சியரித்துப் போயிற்று. அச்செய்தி கேட்டு வருந்திய சாந்திசாகரர் என்னும் திகம்பரத் துறவி, எஞ்சியதையேனும் செப்பேட்டில் பொறித்து வைக்குமாறு 1940களில் தம் அடியாரை ஏவினார். தரிசனத்துக்கு வந்து கைகூப்பிய ஆயிரமாயிரம் பேருள் ஒருவரும் பூச்சியைக் காணவில்லை. ஏனெனில் படிப்பவன் கண்ணுக்கே பூச்சி தெரியும்.

இக்குற்றத்தைக் கன்னடச் சமணர் தலையில் கட்டிவிட்டுத் தமிழர் தப்பித்துக்கொள்ள இடமில்லை. தமிழ்நாட்டுச் சமணர் சுவரில் தீட்டிய சித்திரங்கள் உள்ளன. 9ஆம் நூற்றாண்டுச் சித்தன்னவாசலின் தாமரைத் தடாகத்தை அறியாதார் இல்லை. காஞ்சிக்கு அருகே திருப்பருத்திக்குன்றத்தின் மண்டப விதானத்திலும் தீர்த்தங்கரர் வரலாறு வண்ணத்தில் விரிகிறது. ஓலைச் சித்திரத்திலோ அக்காலத்தது என்று எடுத்துக்காட்ட நம்மிடம் யாதுமில்லை. கீறி எழுதும் முறையும் நம் நாட்டு வெப்பமும் ஈரமும் காரணம் எனலாம். ஆனால் ஆடிப் பதினெட்டில் பெருக்கெடுத்த ஆற்றிலே பழஞ்சுவடிகளை மிதக்கவிட்டதற்கு வெப்பமா காரணம்? ஆகமம் சொல்கிறது என்று சுவடிகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டதற்கு ஈரமா காரணம்? கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிச் சென்ற உ. வே. சாமிநாதையர், அங்கிருந்த சுவடிகள் அவ்வாறு தீக்கிரையானதைக் கேட்டு நெஞ்சு பதறியதைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். நாத்திகர் எவரும் அத்தீயை மூட்டவில்லை. பக்தியே மூட்டிற்று.

அதே சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, அவருக்குக் கைகொடுத்தவர் யார்? கும்பகோணத்துச் சமணர்கள். அந்நூலை அவர்கள் வீட்டில் முறை வைத்துப் படித்தார்கள், பொருள் சொன்னார்கள், கேட்டார்கள். மடத்துப் பெரும்புலவரிடம் பயின்ற ஐயர்க்கு விளங்காத சமணக் கருத்துகள், அவ்வூர்ச் சமண இல்லறத்தார்க்கு நாவில் இருந்தன. மூடபித்ரியில் புலவரிருந்தும் பூட்டு இருந்தது. கும்பகோணத்தில் பூட்டின்றி வாய் திறந்திருந்தது. சிந்தாமணியைத் தமிழுலகம் மீட்டுக்கொண்டதற்கு அத்திறந்த வாயும் ஒரு காரணம்.

இனி நம் இனத்தாரிலேயே மற்றொரு கூட்டத்தாரிடம் ஒரு சொல். ஆங்கிலப் பள்ளியில் படித்த நம்மனோர் இருக்கின்றனர். அவர்கள் பூசை செய்வதில்லை. இலண்டனிலோ பாஸ்டனிலோ பொருட்காட்சிச் சாலையில் கண்ணாடிக்குப் பின்னே சமண ஓலை ஒன்றைக் கண்டு, "என்ன வர்ணம், என்ன கோடு!" என்று வியப்பர். அந்த ஓலையின் முன்னேடும் பின்னேடும் எங்கே என்று கேட்பதில்லை. சித்திரமுள்ள ஏடுகளைச் சுவடியிலிருந்து பிரித்துத் தனித்தனியே விற்று, எழுத்தைக் குப்பையாக்கிய வாணிகம் பன்னாள் நடந்தது. சித்திரத்தை மட்டும் நேசிக்கும் இந்த இரசிகரும், கட்டை அவிழ்க்காமல் கும்பிடும் அந்தப் பக்தரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனர். ஒருவர் ஏட்டைத் தெய்வமாக்கினார். மற்றவர் ஏட்டைப் படமாக்கினார். இருவரும் படிக்கவில்லை.

இவ்வளவும் காப்பார்த் தமிழனுக்கு எதற்கு என்று கேட்கலாம். பனையோலை போய்ச் செம்பனை வந்துவிட்ட ஊரில், ஓலைச் சித்திரத்தைப் பற்றி என்ன பேச்சு என்று நகைக்கவும் நகைக்கலாம். நாம் கூறுவது இதுவே. நம்மிடமும் ஏடுகள் இருக்கின்றன, அவையும் சாகின்றன. ஒரு தோட்டம் விற்கப்பட்டு லயங்கள் இடிக்கப்படும்போது, கோயில் சிலையை மேளதாளத்தோடு பெயர்த்துக் கொண்டுபோகிறோம். அக்கோயில் கணக்குப் புத்தகத்தை யார் எடுத்தார்? பெரட்டுப் பதிவேடு எங்கே? தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் புத்தகம், ஊரிலிருந்து வந்த கடிதங்கள், வாலிபர் சங்கத்தார் கையால் எழுதி ஒட்டிய இதழ், தாலாட்டும் ஒப்பாரியும் எழுதிவைத்த பாட்டிமாரின் நோட்டுகள், இவை எந்த மண்ணின்கீழ் கிடக்கின்றன? 1941இல் இக்கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். துரைக்கும் கிராணிக்கும் முன்னே மிதிவண்டியைவிட்டு இறங்கி நிற்கும் இழிவு ஒழிய வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. சுட்டுக் கொல்லவும்பட்டனர். அவ்வரலாற்றை எழுதப் புகுவோர் இன்றும் பெரும்பாலும் சுட்டவர் பக்கத்துக் காகிதங்களையே புரட்ட வேண்டியிருக்கிறது. எழுதிவைக்காத சாதியும், எழுதியதை மூடிவைத்த சாதியும் பிறர் எழுதிய கதையில்தான் வாழ நேரும்.

எஞ்சியவற்றுக்கும் பூட்டு வந்துவிட்டது. மன்றத்து நூலகம் என்பது பல இடங்களில் ஒரு கண்ணாடி அலமாரி. சாவி செயலாளரிடம் இருக்கும். செயலாளர் ஊரில் இரார். ஆண்டுக்கு ஒருமுறை அலமாரிக்கு மாலை போடப்படும். மூடபித்ரிப் பெட்டியை எள்ளுவதற்கு முன் இந்த அலமாரியை நினைத்துக்கொள்வது நன்று.

நம்மால் ஆகாத வேலை அன்று இது. ஏழைகளாகிய நம் முன்னோர் இதனினும் பெரியதைச் செய்து காட்டினர். 1950களில் தமிழ் முரசின் வாயிலாகக் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது, பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்களும் ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தனர். 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய இந்தியப் பகுதியின் தமிழ் நூல்களுக்கு அந்நிதி உதவிற்று. கொடுத்தவருள் பலர் அந்நூலகத்தின் படியை மிதித்தவரல்லர். பெயர் எழுதப் படித்தவர்கூட அல்லர். தேமியக்கா செய்தது சாத்திர தானமென்றால், அந்த ஒரு வெள்ளியும் சாத்திர தானமே. அதில் குங்குமம் இல்லை, அறிவு இருந்தது.

ஆதலின் நாம் வேண்டுவது இதுதான். பூசை செய்தே தீருவோம் என்பார் செய்துகொள்ளட்டும். ஆனால் அந்நாளை மூடும் நாளாக்காமல் திறக்கும் நாளாக்கட்டும். மன்றத்து அலமாரியின் சாவியை அன்று முதல் ஆணியில் தொங்கவிடட்டும். புத்தகங்களை வெயிலில் காயவைக்காமல் நிழலில் காற்றாட வைத்து, ஒவ்வொன்றையும் தட்டி, பூச்சி பார்த்து, பெயர் எழுதிப் பட்டியல் போடட்டும். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழங்கடிதம், கணக்கு, கைப்பிரதி எதுவாயினும் கொண்டுவரச் செய்து, பிள்ளைகள் தம் கைப்பேசியால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு மூன்று இடங்களில் சேர்த்து வைக்கட்டும். கஜபதி உபாத்தியாயரும் லட்சுமிபாயும் ஆண்டுக்கணக்கில் கை நோக மறைந்து செய்ததை, ஒரு பள்ளிச் சிறுமி ஒரு பிற்பகலில் எல்லார் முன்னும் செய்துவிடலாம். மாலையில் ஒருவர் ஒரு நூலை உரக்கப் படிக்க, மற்றவர் கேட்கட்டும். வீட்டுக்கு வீடு பிள்ளைக்கு ஒரு புத்தகம் கொடுக்கட்டும்.

இதற்குப் பூசாரி வேண்டா. நல்ல நேரம் பார்க்க வேண்டா. சாவியை வைத்திருக்கும் அன்பர் மனம் வைத்தால் போதும். அவர் வைக்காவிடில், வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று சாவியைக் கேளுங்கள்.